தேவஸ்ஸி மாஷின் இரண்டாவது வரி

தேவஸ்ஸி மாஷ் முதலில் வீட்டிலுள்ள எல்லோரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார். ஒருவர் குறைந்தாலும் வேலை தொடங்காது. குளித்துக்கொண்டிருப்பவர் ஈரத்தலையோடு வர வேண்டும். பால் காய்ச்சுகிறவள் அடுப்பை அணைத்துவிட்டு வர வேண்டும். "சொத்துல பாகம் வெக்கிற நேரத்துல ஒருத்தன் இல்லேன்னா நாளைக்கு அவன் கோர்ட்டுக்குப் போவான்" என்பார். பிறகு காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் நீளமாக ஒரு கட்டம் வரைந்து, அடிக்கோலால் அளந்து சரியாக நடுவில் கோடு போடுவார். அந்தக் கட்டம்தான் கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் இடம். ஒரு பாதி, வாங்கும்போதே அதில் இருந்த இயங்குதளத்துக்கு. மறு பாதி, மாஷ் கொண்டுவந்திருக்கும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு.

லினக்ஸ் அவர் கழுத்தில் தொங்கும். சிறுவயதில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து போட்டிருக்கும், மாதா படம் தொங்கும் உத்தரியக் கயிற்றிலேயே பென்டிரைவையும் கோத்திருக்கிறார். அதைக் கழற்றமாட்டார். குனிந்து, கயிறு கழுத்தில் இருக்கும்போதே கம்ப்யூட்டரில் செருகி, 'தொடரவும்' என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் சிலுவை போட்டுக்கொள்வார். முதல் பத்து நிமிடம் அவரும் கம்ப்யூட்டரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்ட இரண்டு ஆடுகள் போல நிற்பார்கள். காசு வாங்கமாட்டார். பால் விடாத கட்டன் சாயாவையும் பரிப்புவடையையும் மறுக்கமாட்டார். எல்லாம் முடிந்ததும், நர்ஸ் என்பதால் என்னிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கும் மருத்துவப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி, பாகம் வைத்த தேதியை அதில் எழுதித் திரையின் நெற்றியில் ஒட்டுவார்.

எழுபத்தொரு வயது. உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்; 'மாஷ்' அப்படி வந்ததுதான். பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் லினக்ஸ் வந்த வருஷம், கோடை விடுமுறையில் பயிற்சிக்குப் போனார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார் என்கிறார் அவர் மனைவி ரோசிலி. "பத்து நாள் தியானத்துக்குப் போய்ட்டு வந்தவன்கூட ஒரு வாரத்துல சரியாயிடுவான் சிஸ்டரே. இவரு இன்னும் ஆகலை."

அந்தப் பயிற்சியின் கடைசி நாளில் மாஷ் ஒரு சபதம் எடுத்தார். காசு கொடுத்து வாங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க உரிமையில்லாத அந்த மற்ற இயங்குதளத்தைத் தன் விரலால் இனித் தொடுவதில்லை. அதன் பெயரைக்கூட அவர் சொல்வதில்லை. "மற்றவன்" என்பார். ஒருமுறை கடைவீதியில் பணம் எடுக்கும் இயந்திரம் நின்றுபோய், மறுபடி உயிர் பெற்றபோது அதன் முகத்தில் மற்றவனின் சின்னம் தெரிந்தது. மாஷ் அட்டையை உருவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்றிலிருந்து பென்ஷன் பணம் எடுக்க பாஸ்புத்தகத்தோடு வங்கிக்குப் போய் வரிசையில் நிற்கிறார். வங்கிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களில் என்ன ஓடுகிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எங்கள் பஞ்சாயத்து வார்டில் எல்லோரும் நல்லவர்கள்.

பாகம் வைத்த கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். இரண்டே வரி. பத்து நொடிக்குள் யாரும் எதையும் அழுத்தாவிட்டால் முதல் வரியில் இருப்பது தானாக எழுந்துவிடும். இரண்டாவதுதான் வேண்டுமென்றால், கீழ்நோக்கிய அம்பு போட்ட பொத்தானை ஒருமுறை தட்டவேண்டும். எல்லா வீட்டிலும் மாஷ் முதல் வரியில் லினக்ஸைத்தான் வைப்பார். அதற்கு அவர் சொல்லும் காரணம் கம்ப்யூட்டர் புத்தகத்தில் கிடையாது.

"நம்ம ஆளுங்கள்ல தறவாடு, அப்பன் இருந்த வீடு, யாருக்கு? கடைசிப் பையனுக்கு. மூத்தவன் பாகத்தை வாங்கிட்டு வெளிய போய் வீடு கட்டிக்கணும். இந்தப் பெட்டிக்குள்ள கடைசியா வந்தது யாரு? இவன். அப்ப முன்வாசல் இவனுக்கு. மூத்தவன் பின்னாடி இருந்துக்கட்டும். அவனை யாரும் வெரட்டலையே."

கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்தில் தறவாட்டை வாங்கிய கடைசிப் பையன் ஒருவன் இருப்பான், அல்லது அதை விட்டு இறங்கிப்போன மூத்தவன் ஒருவன் இருப்பான். இரண்டு வகையினரும் தலையாட்டுவார்கள், வேறுவேறு மாதிரி.

நாற்பத்தொரு வீடுகளில் மாஷ் பாகம் வைத்திருக்கிறார். அந்த நாற்பத்தொன்றும் லினக்ஸில்தான் ஓடுகின்றன என்று நம்புகிறார். பாலியேட்டிவ் வண்டியில் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்ப்பது என் வேலை என்பதால், இந்த வீடுகளில் பாதிக்குமேல் எனக்கு அடுக்களை வரை பழக்கம். எல்லா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஒரே ஒரு பொத்தானில் மட்டும் அச்சு தேய்ந்திருக்கிறது. அது கீழ்நோக்கிய அம்பு. மாஷ் வாசல் கேட் அருகே வருவது தெரிந்தால் உள்ளேயிருந்து "மாஷு, மாஷு" என்று ஒரு குரல் கேட்கும். பெட்டியை அணைத்து மறுபடி போடுவார்கள், அம்பைத் தொடாமல். அவர் செருப்பைக் கழற்றி உள்ளே வருவதற்குள் லினக்ஸ் எழுந்து நிற்கும். ஒருமுறை ஒரு வீட்டில் அந்தப் பொத்தானைத் தடவிப் பார்த்து, "இது ஒன்னு மட்டும் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" என்று கேட்டார். "சன்னல் பக்கம் இல்லையா மாஷே, வெயில் படுது" என்றாள் அந்த வீட்டுக்காரி. அவளுடைய சன்னல் பலாமரத்து நிழலில் இருக்கிறது.

தேவாலய அலுவலகத்திலும் ஒன்று போட்டார். திரையில் வரும் வார்த்தைகளெல்லாம் தாய்மொழியிலேயே இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. அவை அவ்வளவு சுத்தமான வார்த்தைகள். பங்குச் சாமியாரான அச்சனுக்கு லத்தீன் தெரியும், சிரியாக் தெரியும். ஆனால் ஒரு ஞானஸ்நானச் சான்றிதழை அச்செடுக்க எந்த வார்த்தையை அழுத்தவேண்டும் என்பது மூன்று நாளாகத் தெரியவில்லை. கடைசியில் குழந்தையின் தகப்பனிடம், "பேனாவுல எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார்.

மாஷ் நுழையமுடியாத ஒரே வீடு, மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த சொந்த அண்ணன் ஔசேப்பின் வீடு.

அப்பன் செத்ததும் பாகம் வைத்தபோது வழக்கப்படி தறவாடு தேவஸ்ஸிக்கு வந்தது. பலாமரங்கள், கிணறு, ஓட்டுவீடு எல்லாம் சேர்த்து. ஔசேப்புக்குக் கால்வாய்க்கரைப் பள்ளம். மழைக்காலத்தில் அடுக்களைப் படி வரை தண்ணீர் வரும். ஔசேப்பு சண்டை போடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு சாவுக்கு மட்டும்தான் தறவாட்டுப் படி ஏறினார். கம்ப்யூட்டர் விஷயமாகத் தம்பி மதில் இடைவெளியில் வந்து நின்றபோது அவர் சொன்னது ஒரு வரி. "எடா, ஒரு தடவை உன்னோட பாகம் வெச்சது போதும்."

மூன்று வருஷம் முன்பு ஔசேப்புக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போயிற்று. பார்வையிலும் வலது பக்கம் போயிற்று. பேச்சில் ஆறேழு வார்த்தை மிஞ்சியது. "எடா", "வேண்டா", "போதும்", மனைவி பெயர், மகள் பெயர், இன்னும் ஒன்றிரண்டு. சாப்பாடுதான் பெரிய பாடு. மெதுவாக, தொண்டையில் சிக்காமல், ஒவ்வொரு கரண்டிக்கும் விழுங்கச் சொல்லிக் கொடுக்கவேண்டும். மனைவி குஞ்ஞன்னம் சொன்னால் வாயைத் திறக்கமாட்டார். நான் சொன்னாலும் மாட்டார். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் லின்ஸி சொன்னால் திறப்பார். தினமும் சாயங்காலம் ஏழேகாலுக்கு, அங்கே அவளுக்கு மத்தியான இடைவேளை. கம்ப்யூட்டரில் முகம் காட்டி, "அப்பச்சா, வாய் தொற. ம்ம். இப்ப முழுங்கு" என்பாள். அரைக்கிண்ணம் கஞ்சி உள்ளே போகும். மகள் முகம் பார்த்துவிட்டால் மறுநாள் பகலில் குஞ்ஞன்னம் கொடுக்கும் பாலையும் மறுக்கமாட்டார். போனில் காட்டிப் பார்த்தோம். அந்தச் சின்னத் திரையில் அவர் பார்வைக்கு மகளின் ஒரு காது மட்டும்தான் தெரிந்தது. அதனால் பெரிய திரையை அவருடைய இடது பக்கத்தில் வைத்து, அதுவே அன்றாட மருந்து போல ஆகிவிட்டது.

போன மாசி மாதம் ஒரு புதன்கிழமை, குஞ்ஞன்னம் மாதர் சங்கத்துக்குப் போயிருந்த இரண்டு மணி நேரத்தில், மாஷ் மதில் இடைவெளி வழியாக உள்ளே வந்துவிட்டார். அண்ணனுக்குத் துணையாக உட்காரத்தான் வந்தார் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் துணைக்கு உட்கார்ந்தவர் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தார். அது ஆமை போல எழுந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. குடும்பத்தை முழுசாகக் கூட்டாமல் மாஷ் பாகம் வைத்தது அந்த ஒரே வீட்டில்தான். இருந்த ஒரே உறுப்பினருக்குக் காலண்டர் தாளைக் காட்டிப் படித்துச் சொன்னாராம்.

"என்ன சொன்னாரு அண்ணன்?" என்று பிறகு நான் கேட்டேன்.

"வேண்டான்னாரு."

"அப்புறம்?"

"அவரு எல்லாத்துக்கும் வேண்டான்னுதானே சிஸ்டரே சொல்றாரு. குளிக்கணுமான்னா வேண்டா. சாயா வேணுமான்னா வேண்டா. அது நோய்."

"குளிக்க வேண்டான்னா குளிக்க வேண்டான்னுதான் அர்த்தம் மாஷே. நான் கட்டாயப்படுத்திக் குளிப்பாட்டறேன். அது என் தொழில். உங்க தொழில் இல்ல."

அன்று சாயங்காலம் குஞ்ஞன்னம் கஞ்சியை ஆற வைத்து, கம்ப்யூட்டரைப் போட்டாள். கறுப்புத் திரை வந்தது. அவளுக்குக் கண்ணில் புரை. கண்ணாடி அடுக்களையில் இருந்தது. எடுத்து வருவதற்குள் பத்து நொடி முடிந்து, பட்டியலின் தம்பிக்காரன் லினக்ஸ் எழுந்துவிட்டான். அழுத்தினால் மகள் வரும் அந்தச் சின்னப் படம் எங்கேயும் இல்லை. இருந்த வார்த்தைகள் அச்சனுக்கே புரியாத வார்த்தைகள். ஔசேப்பு திரையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். கிண்ணம் அப்படியே திரும்பிப் போனது.

வியாழனன்று மாஷ் மகளைக் கூப்பிடும் வழியை லினக்ஸில் ஏற்பாடு செய்தார். லின்ஸி திரையில் வந்தாள். ஆனால் அங்கே அவளுக்கும், இங்கே திரையின் மூலையிலும் அப்பன் தலைகீழாகத் தெரிந்தார். "அப்பச்சன் ஏன் வௌவால் மாதிரி தொங்கறாரு?" என்று அவள் வாய் அசைந்தது. அப்படித்தான் கேட்டாள் என்று பிறகு போனில் சொன்னாள். அப்போது எங்களுக்குக் கேட்கவில்லை. சத்தம் வரவில்லை. மாஷ் காமிராவையே தலைகீழாகத் திருப்பி என் பிளாஸ்திரியால் ஒட்டினார். படம் நேரானது. சத்தம் அப்போதும் வரவில்லை; போனைக் காதருகே வைத்தால், ஔசேப்பு குரல் வந்த பக்கம் திரும்பித் திரையை விட்டுவிட்டார். மகள் வாயசைத்தாள், ஔசேப்பு பார்த்துக்கொண்டே இருந்தார். கரண்டி உதட்டில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பொறு சேட்டத்தி" என்று அண்ணியிடம் சொன்னார் மாஷ். திரைக்குப் பின்னால் போய் நின்றார். லின்ஸியின் உதடு அசையும்போது குரலைச் சன்னமாக்கி, "அப்பச்சா, வாய் தொற" என்றார்.

ஔசேப்பு மெல்லத் தலையை உயர்த்தி, திரைக்குமேல் தெரிந்த தம்பியின் வழுக்கையைப் பார்த்தார். "எடா" என்றார். ஒரே வார்த்தைதான். அதில் எல்லாம் இருந்தது. குஞ்ஞன்னம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். சிரிப்புதான். ஆனால் கஞ்சி போகவில்லை.

வெள்ளி முழுவதும் மாஷ் பெட்டியை விட்டு எழாமல் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எதையோ தட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு கட்டளைதான், சத்தம் வந்துரும்" என்று அவர் சொன்னது எனக்குத் தெரிந்து ஒன்பது தடவை. கேட்டால் இணையத்தில் உலகம் முழுக்க இவரைப் போன்றவர்கள் பதில் எழுதுகிறார்களாம். எஸ்தோனியாவில் ஒருவனுக்கு இதே கோளாறு இருந்ததாம். அவனுக்குச் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். அவன் வேறு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டானாம்.

எனக்கு எஸ்தோனியாக்காரன் முக்கியமில்லை. மூன்று நாளாக ஔசேப்பின் வயிற்றுக்குள் போனது சில கரண்டித் தண்ணீர். நாக்கு வெடித்திருந்தது. கிள்ளிவிட்டால் தோல் அப்படியே நின்றது. மூத்திரம் கட்டன் சாயா நிறத்தில் இருந்தது. எழுபத்தாறு வயது உடம்பு இதை நீண்ட நாள் பொறுக்காது. டாக்டரிடம் பேசினேன். நாளை சாயங்காலமும் சாப்பிடவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடுங்கள் என்றார். போட்டுவிடலாம், நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறேன். ஆனால் குழாயைப் பிடுங்கிப் போடாமல் இருக்க அவருடைய நல்ல கையைக் கட்டிலோடு கட்டவேண்டி வரும். அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு கை.

சனிக்கிழமை ஏழு மணிக்குக் குழாய்ப் பொட்டலத்தோடு போனேன். பிரிக்காமல் பொத்தான் பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மாஷே, இங்க ரெண்டு வழி இருக்கு. ஒன்னு இது, மூக்கு வழி. இன்னொன்னு உங்க பட்டியல்ல ரெண்டாவது வரி. எது?"

"சிஸ்டரே, நான் சபதம்..."

"உங்க சபதத்துக்கு உங்க அண்ணன் ஏன் பட்டினி கிடக்கணும்?"

"சேட்டத்தி அழுத்தட்டும். நான் தொடமாட்டேன்னுதானே சொன்னேன், யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லலையே."

"சேட்டத்தி கையில கஞ்சி இருக்கு. என் ரெண்டு கையும் இவரு முதுகுல இருக்கு. விட்டா சாஞ்சிருவாரு, சாஞ்சா மூச்சுக்குழாய்ல போகும். சும்மா இருக்கற கை உங்களுது ஒன்னுதான்."

அவர் கம்ப்யூட்டரைப் போட்டார். பட்டியல் வந்தது. பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கியது. மாஷின் விரல் அம்பின் மேல் நின்றது. மூன்று, இரண்டு, ஒன்று. லினக்ஸ் எழுந்துவிட்டது. குஞ்ஞன்னம், "கஞ்சி ஆறுது தேவஸ்ஸி" என்றாள்.

மறுபடி அணைத்துப் போட்டார். இந்தத் தடவை ஐந்தில் அழுத்தினார். அழுத்திய கையோடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லையென்றால் அவருக்கு எதிரே இருப்பது யானையா மதிலா என்று தெரியாது. மற்றவன் தன் வண்ணப் படத்தோடும் வரவேற்புச் சத்தத்தோடும் எழுந்து முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். "அப்பச்சா" என்று லின்ஸியின் குரல் வந்தது. ஔசேப்பு வாயைத் திறந்தார். பதினான்கு கரண்டி. நான் எண்ணினேன். ஆனால் பிளாஸ்திரி போட்ட காமிரா இன்னும் தலைகீழாகவே இருந்தது. மகளுக்கு அப்பன் மறுபடியும் வௌவாலாகத் தெரிந்தார். அது ஒன்றும் சாப்பாட்டைத் தடுக்கவில்லை.

குழாய்ப் பொட்டலத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. இன்றும் தினம் ஏழு மணிக்கு மாஷ் மதில் இடைவெளி வழியாக வருகிறார். அண்ணனுக்கு இடது பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, பட்டியல் வந்ததும் அம்பை ஒருமுறை தட்டுகிறார். உடனே கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைக்கிறார். வரவேற்புச் சத்தம் அடங்கும்வரை துடைக்கிறார். எங்கள் வார்டில் அவ்வளவு சுத்தமான கண்ணாடி வேறு யாருக்கும் கிடையாது.

பட்டியலில் வரிசையை மாற்றிவிட்டால் யாரும் எதையும் தட்ட வேண்டாமே, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு நிமிஷம்" என்றார்.

"பின்ன மாத்த வேண்டியதுதானே?"

"பாகம் வெச்சா வெச்சதுதான் சிஸ்டரே. முன்வாசல் இளையவனுக்கு. அதுல கை வெக்க முடியாது."

குஞ்ஞன்னத்துக்குப் புரை அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது. மாஷ் ஒரு வாரம் தியானத்துக்குப் போயிருந்தபோது அவளே பட்டியல் வந்த மூன்றாம் நொடியில் அம்பைத் தட்டுவதை என் கண்ணால் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தாள். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவன் வரமாட்டான் சிஸ்டரே. இவருக்கு அவனைத் திட்டணும். இருக்கறதே ஆறு வார்த்தை, அதுல ஒன்னு அவனுக்குன்னே வெச்சிருக்காரு."

போன செவ்வாய்க்கிழமை ஔசேப்பின் குதிகாலில் புண் வராமல் பார்க்கப் போனவள் கஞ்சி நேரம் வரை இருந்துவிட்டேன். மாஷ் வந்தார், உட்கார்ந்தார், தட்டினார், கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஆரம்பிக்கவில்லை. ஔசேப்பின் இடது கை நீண்டு அந்தக் கண்ணாடியை அவர் விரல்களிலிருந்து வாங்கியது. ஒற்றைக் கையால் பாடுபட்டு, ஒரு காதில் மாட்டியும் மறு காதில் மாட்டாமலும், தம்பியின் முகத்தில் அதைக் கோணலாகப் பொருத்தினார். "எடா" என்றார், தாடையால் திரையைக் காட்டினார். திரையில் மற்றவன் முழு வண்ணத்தில் எழுந்துகொண்டிருந்தான்.

மாஷ் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதற்குள்ளே கண்ணை இறுக மூடிக்கொண்டார்.